‘அமிர்தலேகை’ வாசித்த வீடு

சிவமயம்

பாறசாலை
கொல்லம் 1092 ஐப்பசி 9

தங்கச்சி உமையம்மாளுக்கு அண்ணன் சிவதாணு எழுதுவது. நானும் உன் மயினி சண்முகவடிவும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு இது நான்காம் மாதம். கஞ்சித்தண்ணீர்கூட வயிற்றில் நிற்பதில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பெருங்கடவிளையில் உன் வீட்டுக்காரர் பொன்னம்பலம் அத்தானின் தேகநிலை, அவர் தாயாரின் மூட்டுவலி, உன் சுகம் எல்லாவற்றுக்கும் எழுது. கல்யாணமாகி ஐந்து மாதத்தில் உன்னிடமிருந்து இரண்டே கடிதம்தான் வந்திருக்கிறது.

இத்துடன் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ‘அமிர்தலேகை’ என்று பெயர். சென்னையில் அச்சாகி அதிக நாளாகவில்லை. பெயரைப் பார்த்து ராஜகுமாரி கதை என்று நினைத்துவிடாதே. இதில் மாறுவேடம் கிடையாது, துப்பறிகிறவன் கிடையாது, ரத்தினமாலை திருட்டுப்போவதும் கிடையாது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்கள். போன வீட்டில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நூலாசிரியர் ஒருவர் மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் குமஸ்தா கைலாசநாதன் வீட்டில் ஐந்தாறு பேர் கூடி இதை வாசித்தோம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நான் அழுதுவிட்டேன். கைலாசநாதன் என் கையிலிருந்து வாங்கி மீதியை வாசித்தார். நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு இந்நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாக இருக்கிறேன். ஸ்திரீகள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். நீ வாசித்து, அங்குள்ள பெண்களுக்கும் வாசித்துக் காட்டி, உன் அபிப்பிராயத்தை மறைக்காமல் எழுது.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
சிவதாணு

*

பெருங்கடவிளை
1092 கார்த்திகை 21

அண்ணனுக்கு உமையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மயினிக்கு வாந்தி நின்றதா? நெல்லிக்காய் வற்றலை வாயில் அடக்கிக்கொண்டால் கேட்கும் என்று அத்தை சொல்லச் சொன்னார்கள்.

புத்தகம் கிடைத்தது. அஞ்சல்காரர் தந்ததும் அத்தை அதை வாங்கி முகர்ந்து பார்த்து, கிறிஸ்து வேதக்காரர்களுடைய புத்தகமா என்று கேட்டார்கள். கதை என்று சொன்னேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்ததும் அடுக்களை வாசலில் இருந்து வாசிக்கிறேன். முதல் நாள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காது சரியாகக் கேட்கவில்லை என்று பக்கத்தில் வந்து இருந்தார்கள். இப்போது நான் உண்டு எழுவதற்குள் புத்தகத்தை மடியில் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில் கறியில் உப்பு போதவில்லை என்று அமிர்தலேகையின் புருஷன் முதல் தடவையாகக் கைநீட்டுகிறான் அல்லவா, அந்த இடத்தில் அத்தை நிறுத்தச் சொன்னார்கள். “இத எழுதினது ஆணாக்குமா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். “அவனுக்கு இது எப்பிடித் தெரிஞ்சுது?” என்றார்கள்.

எனக்கு முன்னால் இந்த வீட்டில் மூத்த தாரமாக வாழ்ந்த ஆவுடையம்மை பின்பக்கத்துக் குளத்தில் வழுக்கி விழுந்து இறந்துபோனது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வந்த நாள்முதல் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கு அத்தை சொன்னார்கள். அவளுக்கும் உப்பின் அளவு தெரியாது என்றார்கள். பிறகு காயப்போட்ட நெல்லை வாரப் போய்விட்டார்கள்.

நாங்கள் வாசிப்பது உங்கள் அத்தானுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்கள். அதனால் அண்ணன் இனி எழுதும்போது புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
உமை

*

சிவமயம்

பாறசாலை
1092 மார்கழி 17

அன்புள்ள உமைக்கு,

இங்கே நாங்கள் சுகம். அத்தை சொன்ன நெல்லிக்காய் வற்றல் பலித்துவிட்டது. மயினி இரண்டு வேளை சோறு உண்கிறாள். அங்கே எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

உன் கடிதத்தைக் கைலாசநாதன் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். “அவனுக்கு இது எப்பிடித் தெரிஞ்சுது” என்று உன் மாமியார் கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டி ரசித்தார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் அதையே வைத்துவிட்டேன். எழுத்தறியாத ஒரு கிழவியின் நெஞ்சைத் தொடும் நாவல் வேறு எந்த நாவலைவிடக் குறைந்தது என்று கேட்டிருக்கிறேன்.

அன்று ஒரு தர்க்கமும் நடந்தது. பெண்ணின் பிறந்த வீட்டார் ஏழாம் அத்தியாயத்திலேயே வண்டி கட்டிக்கொண்டு போய் அவளை அழைத்து வந்திருக்க வேண்டாமா என்று கைலாசநாதன் கேட்டார். அப்படிச் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்துபோயிருக்கும், அமிர்தலேகையின் பொறுமை எத்தகையது என்று உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும் என்று நான் பதில் சொன்னேன். அவரால் மறுக்க முடியவில்லை.

புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாய். இதில் என்ன ஒளிவு? மனைவிக்கு வாசிக்கத் தெரியும் என்பதில் அத்தானுக்குப் பெருமைதான் இருக்கும். பதினான்காம் அத்தியாயம் தாண்டிவிட்டாயா? விவரமாக எழுது.

உன் அண்ணன்,
சிவதாணு

*

பெருங்கடவிளை
1092 மாசி 26

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கே அவங்களும் அத்தையும் நானும் ஈசுவர கிருபையால் சுகம். அங்கே நீங்களும் மயினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதிய கடிதத்தை அவங்க வாசித்தார்கள். இனிமேல் வருகிற கடிதங்களையும் அவங்களே முதலில் வாசிப்பார்கள். நான் எழுதுவதையும் வாசித்துவிட்டுத்தான் அஞ்சலில் சேர்ப்பார்கள். இந்த வீட்டுக்கு நாவல் ஆகாது. அது இப்போது என்னிடம் இல்லை. பதினான்காம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது.

முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்ததில் இடது கையில் சின்ன அடி. வைத்தியர் வந்து கட்டுப் போட்டுவிட்டார். கவலைப்பட ஒன்றும் இல்லை.

மயினிக்கு உடம்பு கேட்குமானால் இங்கே வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகலாம். அல்லது நீங்கள் மட்டும் வந்தாலும் போதும்.

பணிவுடன்,
உமையம்மாள்

*

சிவமயம்

பாறசாலை
1092 பங்குனி 22

தங்கச்சி உமைக்கு அண்ணனின் ஆசி. இங்கே சுகம். உன் கை தேறிவிட்டதா? முறிவெண்ணெய் தினமும் இரண்டு வேளை போடு. சின்ன வயதிலும் நீ பார்த்து நடக்கிறவள் இல்லை.

உடனே பதில் எழுத முடியாமல் சர்க்கார் கச்சேரியில் வேலை கழுத்தை நெரித்துவிட்டது. பெருங்கடவிளைக் கச்சேரியில் ஒரு மேல் உத்தியோகம் காலியாகப்போகிறது. அத்தான் தம் சிற்றப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்வதாக எழுதியிருந்தார். அது கிடைத்துவிட்டால் உன் வீட்டுப் படியிலேயே அண்ணன் இருப்பேன், பிறகு நினைத்தபோதெல்லாம் பார்க்கலாம். அதனால் இந்த நேரத்தில் அத்தானுக்கு மனம் கோணும்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள். மயினிக்கு மாதம் முற்றிவிட்டதால் இப்போது யாரும் இங்கிருந்து அசைய முடியாது.

நாவலைப் பாதியில் விட்டது எனக்கு வருத்தம். அத்தான் வாசித்துத் தீர்த்ததும் கேட்டு வாங்கி முடி. உண்மையான சுவை பதினைந்துக்கு மேல்தான்.

சிவதாணு

*

1092 சித்திரை 14

அண்ணா,

இதைப் பென்சிலால் எழுதுகிறேன். அத்தைதான் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து தந்தார்கள். இங்கே தேங்காய் ஏற்ற வருகிற வண்டிக்காரர் ஈசாக் இதை உங்கள் கையில் தருவார். பதிலை அவரிடமே சொல்லியனுப்புங்கள். அஞ்சலில் மட்டும் எழுதாதீர்கள்.

நான் முற்றத்தில் விழவில்லை. உங்கள் மார்கழிக் கடிதத்தை அவங்க வாசித்தார்கள். அதற்குப் பிறகு பெட்டிக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்து, ஏழாம் அத்தியாயத்தை நின்றபடியே வாசித்தார்கள். இது யாரைப் பற்றி எழுதியது, உன் அண்ணன் எனக்குப் பாடம் படிப்பிக்கிறானா, வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொன்னாயா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லும் முன்னே கை ஒடிந்துவிட்டது. புத்தகத்தை அடுப்பில் போட்டார்கள்.

புத்தகத்தால் வந்த அடி என்று நீங்கள் நினைக்க வேண்டாம். கல்யாணமாகி இரண்டாம் மாதத்திலேயே இது தொடங்கிவிட்டது. முந்தைய கடிதங்கள் ஒன்றிலும் நான் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

பங்குனி பிறந்ததிலிருந்து என்னைப் பத்தாயப்புரையில், நெல்லோடு நெல்லாகப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். காலையும் மாலையும் திறந்துவிடுவார்கள். அவங்க வெளியே போயிருக்கும் நேரம் அத்தை கதவுக்கு அந்தப்பக்கம் வந்து இருப்பார்கள். முதல் நாள் மெதுவாகக் கேட்டார்கள்: “பெறவு அவளுக்கு என்னாச்சு மக்கா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அமிர்தலேகையைத்தான் கேட்கிறார்கள். பதினான்குக்கு மேல் நானும் வாசித்ததில்லையே. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. நானாகவே கட்டிச் சொன்னேன். மழைக்காலத்தில் ஒருநாள் அவள் ஆற்றைக் கடந்து அக்கரை போய்விட்டாள், அவள் வெள்ளத்தில் போய்விட்டதாக ஊர் நினைத்துக்கொண்டது, அவள் வேறொரு ஊரில் பாய் முடைந்து வயிறு வளர்த்தாள் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். அத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார்கள்.

நேற்று கதை சொல்லி முடிந்ததும் அத்தை எழுந்து போகவில்லை. கதவில் வாயை வைத்துச் சொன்னார்கள்: “ஆவுடை வழுக்கி விழல்ல. இவன் கம்பும் கொண்டு பொறத்தால வந்தான். அவ குளத்துல எறங்கினா. எறங்கிக்கிட்டே போனா. நான் கண்டுக்கிட்டு நின்னேன். கேட்டவங்களிட்ட ஒண்ணும் காணல்லன்னு சொன்னேன்.”

அண்ணா, வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். நடந்து வந்தாலும் விடியக்காலை புறப்பட்டால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். நாலு பேர் பார்க்க வந்து கேட்டால் அவங்களால் மறுக்க முடியாது. மயினியின் பிரசவத்துக்கு ஒத்தாசை வேண்டும் என்று சொன்னால் போதும்.

உமை

*

சிவமயம்

பாறசாலை
1092 வைகாசி 11

சௌபாக்கியவதி உமைக்கு,

உன் மயினிக்குச் சித்திரை இருபத்தேழில் ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். ஈசாக்கிடம் வாயால் சொல்லி அனுப்பும் சங்கதி அல்ல என்பதால் அஞ்சலிலேயே எழுதுகிறேன். நம் குடும்ப விஷயம் ஒரு வண்டிக்காரன் வாய்க்குப் போவது நல்லதல்ல.

வாசித்து மிகவும் வேதனைப்பட்டேன். இரண்டு இரவு தூங்கவில்லை. ஆனாலும் ஒன்று யோசித்துப் பார். கோபம் எல்லா வீட்டிலும் உண்டு. நாவலை வாசித்த மனது சின்னதையும் பெரிதாகக் காணும். அதை உனக்கு அனுப்பியது என் பிசகு. இறந்துபோனவளைப் பற்றி வயதானவர்கள் புத்தி மாறிச் சொல்வதையெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பேச்சு வெளியே போனால் என்ன ஆகும் என்று நினைத்தாயா?

அமிர்தலேகை ஆற்றைக் கடக்கவில்லை, உமை. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவள் புருஷனுக்கு வைசூரி வருகிறது. அவனை யாரும் தொட மறுக்கும்போது இவள் ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்த்து எழுப்புகிறாள். அவன் அவள் காலைப் பிடித்து அழுகிறான். அங்கேதான் நான் அழுதேன். உன் பொறுமைக்கும் ஒரு நாள் அப்படி வரும்.

அத்தானுக்கு மரியாதையாகவும் தாழ்மையாகவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நீ எழுதியதையெல்லாம் சொல்லவில்லை. தாயற்ற பெண், அறியாதவள், ஏதோ பயந்துபோய் எனக்கு எழுதியிருக்கிறாள், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உத்தியோக உத்தரவு ஆவணிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் நேரில் வருகிறேன்.

கட்டுரை அச்சில் வந்துவிட்டது.

உன் அண்ணன்,
சிவதாணு

*

பெருங்கடவிளை
1092 ஆனி 19

பாறசாலை சிவதாணு பிள்ளை அவர்களுக்குப் பொன்னம்பலம் பிள்ளை எழுதியது.

இந்த மாதம் பதினேழாம் தேதி காலை உங்கள் சகோதரி ஆற்றுக்கடவில் துணி துவைக்கப் போனவிடத்தில் கால் தவறி வெள்ளத்தில் போய்விட்டாள். என் தாயார் கூடப் போயிருந்து கண்ணால் கண்டாள். சேலை ஒன்று கடவுக் கல்லில் கிடைத்தது. தோணிக்காரர்களை விட்டு அருவிப்புறம் வரைக்கும் தேடியும் உடல் அகப்படவில்லை. கிராமத்து அதிகாரியான பார்வத்தியக்காரர் வந்து என் தாயாரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார்.

தர்ப்பையில் உரு வைத்துக் கர்மங்கள் நடத்த வேண்டியிருக்கிறது. பதினாறுக்கு நீங்கள் வர வேண்டியது.

பொன்னம்பலம்

*

1092 ஆடி 25

அண்ணனுக்கு,

நீங்களும் மயினியும் குழந்தையும் சுகமா? பிள்ளைக்கு என்ன பெயர் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதைத் தருகிறவர் ஈசாக். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். ஈசாக்கிடம் கேட்கவும் கூடாது.

பதினாறாம் நாள் நீங்கள் வந்து மொட்டையடித்துக்கொண்டு அழுததாக அவர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. அவங்க இரண்டையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். அப்புறம் நடந்ததை எழுதவில்லை. இடது கை இனி தோளுக்கு மேல் எழும்பாது. பத்தாயப்புரைச் சாவி அன்றுமுதல் அவங்க இடுப்பில் இருந்தது. ஆவுடைக்கும் எனக்கும் நடுவில் குளம் மட்டும்தான் மிச்சம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனி மழையில் ஒருநாள் அவங்க நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு வேட்டி உடுத்தும் அவசரத்தில் சாவி பழைய வேட்டி மடிப்பிலேயே தங்கிவிட்டது. அத்தை வந்து திறந்தார்கள். ஈசாக்கின் வண்டி தென்னந்தோப்புக்கு வெளியே நின்றது. அதை எப்போது பேசி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மஞ்சள் சேலை அத்தையின் கையில் இருந்தது. நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். ரெண்டுபேரும் போனா தேடுவான், ஒருத்தி போயி ஒருத்தி அழுதா தேடமாட்டான் என்றார்கள். நான் அழுதேன். அத்தை அழவில்லை.

“ஆவுடை போனப்போ கண்டத காணல்லன்னு சொன்னேன்,” என்றார்கள். “இப்போ காணாதத கண்டேன்னு சொல்லப்போறேன். நீ சொன்ன கதையாக்கும் மக்கா. நீ போ.”

வண்டியில் உரித்த தேங்காய்த் தொண்டு மட்டைகளுக்கு அடியில் கிடந்தேன். ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து அத்தையின் கூக்குரல் கேட்டது. உண்மையிலேயே யாரோ செத்துப்போனதுபோல இருந்தது அந்தக் குரல்.

ஈசாக்கின் மனைவி ஓமனாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இருக்கிறேன். ஒரு கையால் ஆகிற வேலை செய்கிறேன். சோறு கிடைக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைத் தேட வேண்டாம், மயினியிடம்கூடச் சொல்ல வேண்டாம். நான் இருக்கிறேன் என்று ஒரு ஆள் அறிந்தாலும் அத்தை சொன்னது பொய்யாகிவிடும். அத்தை அந்த வீட்டில் அவங்களோடு தனியாக இருக்கிறார்கள்.

உமை

*

1093 ஆவணி 16

யாருக்கு என்று இதன் தலையில் எழுதவில்லை, கொண்டுவரும் ஈசாக் அறிவார். இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைக்குக் கல்யாணராமன் என்று பெயர்.

உன் காகிதத்தை அன்றைக்கே எரித்துவிட்டேன். என்னைப் பொறுத்துக்கொள் என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பொன்னம்பலம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். உத்தியோக உத்தரவு வந்திருக்கிறது, அதற்காகத்தான் இருக்கும் என்று போனேன். பார்வத்தியக்காரரும் அங்கே இருந்தார். உன் மாமியார் அடுக்களை வாசலில் நின்றார். நெற்றியில் ஆறிவருகிற காயம் ஒன்று இருந்தது.

உடல் கிடைக்காமல் இருப்பதைப் பற்றி ஊரில் பேச்சு வந்திருக்கிறது என்றார் பொன்னம்பலம். பிறகு மாமியை மறுபடியும் சொல்லச் சொன்னார். மாமி சொன்னார். எந்தக் கல்லில் நீ கால் வைத்தாய், வெள்ளம் எந்தப் பக்கமாக இழுத்தது, இரண்டு தடவை கை மட்டும் தெரிந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, உன் காகிதத்தை வாசித்திருந்த எனக்கே, நீ செத்துப்போய்விட்டாய் என்று தோன்றியது.

பொன்னம்பலம் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அமரவிளையில ஆத்தங்கரையில வளந்த பெண்ணு,” என்றார். “அவளுக்கு நீச்சலு தெரியாதா? அம்மை என்னமோ மறைக்காளோன்னு எனக்கொரு சம்சயம் உண்டு. ஒள்ளத நீரு சொல்லும்.”

அக்கரை மாந்தோப்புக்கு நாம் போட்டிபோட்டு நீந்தியதில் நான் ஒரு தடவைகூட உன்னை ஜெயித்ததில்லை. மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எதுவும் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. உத்தியோகத்துக்கு வந்து நிற்கிற, அழைத்துப்போகச் சொன்ன தங்கைக்காக வராமல் அவள் புருஷனுக்குக் கடிதம் எழுதிய மனிதன் என்றுதான் என்னைத் தெரியும். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியாது அத்தான்,” என்றேன். “சின்னதுல ஒருக்கா ஆத்துல போகப் பாத்தா. அதுக்குப் பெறவு எங்க அம்மை அவள முட்டளவு தண்ணிக்கு மேல எறங்க விட்டதில்ல.”

பார்வத்தியக்காரர் அதை எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பொன்னம்பலம் எழுந்து வெளியே போனார். மாமி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்த மாதம் முதல் எனக்குப் பெருங்கடவிளையில் வேலை. மயினியும் பிள்ளையும் இங்கேயே இருப்பார்கள். அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அறை பார்த்திருக்கிறேன். மாமி அங்கிருந்து சத்தம் போட்டால் எனக்குக் கேட்கும்.

இனி நீ எழுத வேண்டாம், நானும் எழுதமாட்டேன். வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.